கோடாங்கி, சாமியாடி, மந்திரவாதி, சூனியக்காரி எல்லாம் ஒன்னுங்களா?

ஊதியூரான்:
எல்லாத்துக்கும் வணக்கமுங்க. என்ற பொண்ணு ஒம்பதாவது படிக்குது, இங்கிலீஷ் கதைப்புக்கா படிச்சுத் தள்ளுது. நேத்து ராத்திரி சோத்து வட்டல்ல கையை வெச்சுட்டே கேக்குது, ஏப்பா விட்ச், விசார்ட், சோர்சரர், வார்லாக், ஷாமன்னு அவிங்களுக்கு இத்தனை வார்த்தை இருக்குதே, நமக்கு மந்திரவாதியும் சூனியக்காரியும் மட்டுந்தானான்னு. எனக்குப் பொசுக்குன்னு ஆயிப்போச்சு. யாரு சொன்னா ரெண்டுதான்னு? கோடாங்கி இருக்காரு, குடுகுடுப்பைக்காரரு இருக்காரு, சாமியாடி, பூ வாக்குக் கேக்கற பூசாரி, மந்திரம் சொல்லிக் கடி, வலி போக்கற பாடம் போடறவங்க, தொக்கம் எடுக்கறவங்க, அக்கி எழுதறவங்க, சித்தருங்க, இத்தனை பேரு இந்த மண்ணுலயே இருக்கறாங்கன்னு சொல்லிட்டு ஒரு நோட்டுல எழுத உக்காந்தேன். எழுத எழுதத்தான் எனக்கே ஒழுங்கா பிரிக்கத் தெரியலைன்னு புரிஞ்சுது. எதை வெச்சுங்க பிரிக்கறது? வேலையை வெச்சா, நல்லது கெட்டதை வெச்சா, சக்தி எங்கிருந்து வருதுங்கறதை வெச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. இதைக் கேக்கறதுக்கு எனக்கு ஊட்டுல ஒரு சொந்தக் காரணமும் இருக்குது, அதைப் பொறவு சொல்றனுங்க.

சிறுவாணி:
நல்ல கேள்விங்ண்ணா. மொதல்ல அந்த இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிரிச்சுக் குடுத்தர்றேன், பாப்பாவுக்கு ஒதவும். விசார்ட்ங்கறது வைஸ்ங்கற வார்த்தையில இருந்து வந்தது, அறிவாளின்னு அர்த்தம். வார்லாக் பழைய இங்கிலீஷ்ல சத்தியத்தை மீறினவன், வாக்குத் தப்புனவன். சோர்சரர் லத்தீன்ல சீட்டு போட்டுப் பாக்கறதுக்கு இருந்த வார்த்தையில இருந்து வந்தது, அதாவது குறி பாக்கறவன். நெக்ரோமான்சர்னா செத்தவங்களை எழுப்பி வருங்காலம் கேக்கறவன். ஷாமன் இங்கிலீஷே இல்லீங்க, சைபீரியாவுல எவெங்கி மக்களோட பேச்சுல இருந்து போனது. மேஜிக்ங்கற வார்த்தையே பாரசீக பூசாரிங்களுக்கு இருந்த மாகுங்கற பேருல இருந்து வந்ததுதான், அவங்க ஊர்ல அது கவுரவமான பூசாரி வேலை, கிரேக்கக்காரங்க வாயில வந்ததும் மாயவித்தைக்காரன்னு ஆயிருச்சு. அங்கதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுதுங்ண்ணா. இந்த வார்த்தைகள்ல சிலது ஆளு தானே சொல்லிக்கற பேரு. சிலது அடுத்தவன் வெச்ச பேரு. நோட்டுல மொதல்ல அந்தக் கோட்டைப் போடுங்க.

கூடுதுறை:
தம்பி, நான் பவானிப் பக்கம், வயசு எழுவதைத் தாண்டிருச்சு. நான் பாத்த வரைக்கும் சக்தி எங்கிருந்து வருதுங்கறதுதான் பெரிய வித்தியாசம். சாமியாடிய எடுத்துக்க. அவன் ஒன்னும் படிச்சவன் இல்லை, நேத்து வரைக்கும் தறி ஓட்டிட்டிருப்பான், மோளம் அடிச்சதும் ஒடம்பு நடுங்கும், கண்ணு நிலைக்கும், அப்ப அவன் வாயில வர்றது அவன் வார்த்தை இல்லைன்னு ஊரே கை கட்டி நிக்கும். பண்ணாரியில பங்குனி மாசம் தீ மிதிக்கற குண்டத்தப்ப நான் கிட்ட இருந்து பாத்திருக்கேன், அருள் எறங்குனதும் அந்த மனுசன் ஒரு சொம்புத் தண்ணிய வாங்கிக் குடிச்சுப்போட்டுப் பக்கத்துல இருந்த என்னைப் பாத்து, ஏனுங்கண்ணா நான் என்ன சொன்னேன்னு கேட்டான். அவனுக்கு ஞாபகமே இல்லை! அதனால அவனை மந்திரவாதின்னு சொல்லக் கூடாது, அவன் வெறும் வாசல்படி, வந்துபோறது ஆத்தா.

கோடாங்கி அப்படி இல்லை. அவர் அடிக்கற உடுக்கைக்கே கோடாங்கின்னு பேரு, அந்தப் பேருதான் ஆளுக்கும் வந்துருச்சு. அவர் சாமிய வரவழைக்கத் தெரிஞ்சவரு, பாட்டு தெரியோணும், எந்தப் பாட்டுக்கு எது எறங்கும்னு தெரியோணும், பொறவு நோயாளி மேல என்ன இருக்குதுன்னு பேச்சுக் குடுத்து வாங்கோணும். அது தொழில், குரு இல்லாம வராது. நம்ம பக்கம் அண்ணன்மார் கதையும் உடுக்கை அடிச்சுத்தான் பாடறாங்க, போர்க்களம் வர்ற எடத்துல கேட்டுட்டிருக்கறவனுக்கே அருள் வந்து விழுந்துருவான். பாட்டுக்காரருக்கும் கோடாங்கிக்கும் நடுவுல இருக்கற கோடு அத்தனை மெலிசு.

அப்பறம் சித்தருங்க. உங்க ஊதியூரு மலையிலயே கொங்கணர் குகை இருக்குதல்லொ. கதை தெரியுமா பாப்பாவுக்கு? மரத்தடியில தவத்துல இருந்தவரு மேல கொக்கு எச்சம் போட்டுருச்சு, அண்ணாந்து பாத்தாரு, கொக்கு கருகி விழுந்துச்சு. அந்தத் தெம்புல ஒரு ஊட்டு வாசல்ல போயி பிச்சை கேட்டாரு, அந்தம்மா புருசனுக்குச் சோறு போட்டுட்டு மெதுவா வந்தாங்க, இவரு மொறைச்சாரு. அந்தம்மா, "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா"ன்னாங்க. வள்ளுவரோட சம்சாரம் வாசுகின்னு சொல்லுவாங்க. காட்டுல நடந்தது அடுப்படியில இருந்தவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அவங்க மந்திரம் படிச்சாங்களா, தவம் இருந்தாங்களா? இல்லை. தவத்துல வர்றது ஒன்னு, படிப்புல வர்றது ஒன்னு, எறங்கி வர்றது ஒன்னு, இது நாலாவது, இருக்கற எடத்துல ஒழுங்கா இருந்தே வர்றது. எங்காலத்துல இந்தக் கதைய பொம்பளைங்க சொல்லும்போது அவங்க மொகத்தைப் பாக்கோணும் தம்பி.

சிறுவாணி:
அய்யா சொன்னதோட ஷாமனையும் சேத்துக்கலாங்க. சைபீரியா ஷாமனும் மோளம் அடிக்கறாரு, அவருக்கும் ஒடம்பு நடுங்குது, அதனால சாமியாடியும் ஷாமனும் ஒன்னுன்னு சொல்லிருவாங்க. ஆனா அவங்க கதைகள்ல ஷாமனோட உயிரு ஒடம்ப உட்டுக் கெளம்பி மேலோகத்துக்கோ கீழோகத்துக்கோ போயி, காணாமப்போன நோயாளியோட உயிரைத் தேடிட்டு வருது. நம்ம ஊர்ல சாமி எறங்கி வருது. அவரு போறாரு, இங்க வருது. ரெண்டும் எப்பவுமே தனித்தனியாத்தான் இருக்கும்னு இல்லை, ஆனா பாப்பாவுக்கு வெளங்க இது போதும்.

கணவாய்க்காத்து:
நான் பொள்ளாச்சிங்க. எங்க பக்கம் யாரு ஊட்டுல சண்டைன்னாலும் மலையாள மந்திரவாதிதான், பாலக்காடு போயி செய்வினை வெச்சுட்டு வந்துட்டாங்கம்பாங்க. எங்க சித்தப்பா பஸ்ஸுல அந்தப் பக்கம் எளநி யாவாரத்துக்குப் போயிட்டு வந்ததுக்கே ரெண்டு மாசம் பங்காளிங்க பேசலை. அந்தப் பக்கம் ஒடியன்னு ஒரு கதை ஓடுதுங்க, ராத்திரில மாடாவோ நாயாவோ மாறி வழிமறிக்கற ஆளு. எவ்வளவு சரியா மாறுனாலும் ஒடம்புல ஒரு கொறை இருக்குமாம், கொம்பு ஒன்னு இருக்காது, இல்லாட்டி காலு ஒன்னு இருக்காது, அதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கோணும். சின்ன வயசுல கட்டுத்தறிக்குப் போனா மொதல்ல எருதுக்குக் காலை எண்ணிட்டுத்தான் கிட்டப் போவேன், இன்னும் அந்தப் பழக்கம் போகலை.

அதே கேரளத்துல கடமற்றத்துக் கத்தனார்னு ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் கதை இருக்குது, அவரு மந்திரத்தாலேயே நீலிங்கற யட்சிய அடக்குனவரு. அவரு அதை எங்க கத்துக்கிட்டாருன்னு கேட்டா, மலைக்காட்டு ஆளுங்ககிட்ட. அப்பப் பாருங்க, இங்க இருக்கறவனுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க்கு அக்கட்டால சக்தி எச்சு, அங்க இருக்கறவனுக்கு மலைக்கு மேல எச்சு. சிறுவாணி அக்கா சொன்ன பாரசீக பூசாரி கதையும் அதேதான. எல்லையத் தாண்டி இருக்கற ஆளு சாமி கும்பிட்டாலும் நமக்கு மந்திரமாத்தான் தெரியுது.

ஈரோட்டுப்பாதை:
மன்னிக்கோணும், எல்லாரும் ரசிச்சு எழுதறீங்க, எனக்கு மனசு ஒப்பலை. பிரிச்சு என்ன பண்ணப் போறோம்? அத்தனை பேரும் பயத்தை வித்துப் பொழைக்கறவங்க. 1954லயே சட்டம் வந்தாச்சு, தாயத்து, மந்திரம், கவசத்தால நோய் தீரும்னு வெளம்பரம் பண்ணக் கூடாதுன்னு. இன்னும் டிவியில வந்துட்டுத்தான் இருக்குது. நம்ம முன்னோரே நம்புனாங்கன்னும் சொல்லாதீங்க. குறுந்தொகையில பொண்ணு காதல்ல எளைச்சுப்போறா, அம்மா முருகன் பூசாரி வேலனைக் கூப்பிட்டு வெறியாட வெச்சு ஆடு வெட்டறா. தோழி அந்த வேலனைப் பாத்தே கேக்கறா, நீ குடுக்கற இந்தப் பலிய இவ நெனைக்கற மலைநாட்டானோட மாரும் திங்குமான்னு. 2000 வருசத்துக்கு முந்தியே கேட்டாச்சு. வேலன் கண்டுபிடிச்சது தப்புன்னு கேக்கறவங்க எல்லாருக்கும் தெரியும், அம்மாவத் தவுர. எங்க அத்தை ஊட்டுல செய்வினை எடுக்கறேன்னு வந்தவன் அடுப்படியில குழி தோண்டித் தகடு எடுத்துக் காமிச்சு நாலு பவுனை வாங்கிட்டுப் போனான், தகடு அவன் வேட்டி மடிப்புல இருந்துதான் வந்துச்சு. அத்தை அந்தக் குழிய இன்னும் மூடலை, பயம்.

ஆசுபத்திரி_அக்கா:
தம்பி ஈரோட்டுப்பாதை, நீங்க சொல்றது அத்தனையும் நெசம், ஆனா பிரிக்கறதுக்கு ஒரு காரணம் இருக்குது கண்ணு. நான் நர்சா இருவத்தஞ்சு வருசம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வேலை பாத்தவ. பாம்புக்கடிக்குப் பாடம் போட்டுட்டு வர்றவங்களை நெறையப் பாத்துட்டேன். பாடம் போட்டாப் பொழைச்சுக்குவான்னு ஊரு ஏன் நம்புதுன்னா, கடிக்கற பாம்புல நெறைய வெசம் இல்லாத பாம்பு, வெசப்பாம்பே கடிச்சாலும் எல்லாத் தடவையும் வெசம் எறங்கறதில்லை. அந்த ஆளுங்க எப்படியும் பொழைப்பாங்க, பேரு பாடத்துக்குப் போயிரும். ஆனா கட்டுவிரியன் ராத்திரில கீழ படுத்திருக்கறவனைக் கடிக்கும், வலிக்காது, வீங்காது, வெடியால வயித்து வலின்னுதான் வருவாங்க, நான் மொதல்ல கண்ணு இமையத்தான் பாப்பேன், அது தொங்க ஆரம்பிச்சிருந்தா ஓடோணும். அந்த மாதிரி ஒரு பையனைச் சாளையில மூணு மணி நேரம் உக்கார வெச்சுப் பாடம் போட்டுட்டுக் கொண்டாந்தாங்க. அந்தப் பையன் மொகம் எனக்கு இன்னும் மறக்கலை.

ஆனா அந்தப் பாடம் போட்ட பெரியவரும் கூடவே வந்திருந்தாருங்க. காசு வாங்காதவரு. வராண்டாவுல உக்காந்து அழுதுட்டிருந்தாரு. அவரையும் அத்தை ஊட்டுல நாலு பவுன் வாங்குனவனையும் ஒரே பேருல கூப்பிட என்னால ஆகாது. பொறவு அவருகிட்டப் பேசி, கடின்னு யாரு வந்தாலும் வண்டியில ஏத்திட்டுப் போற வழியில பாடம் போடுங்கய்யான்னேன். கேட்டுக்கிட்டாரு, அதுக்கப்பறம் அவரே ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தாரு. மனுசனைத் தெரிஞ்சு பேசுனாத்தான் மாத்த முடியும். கொழந்தைக்கு விழற சுளுக்க, அதான் உரம் எடுக்கறவங்க, கண்ணு திட்டி சுத்தறவங்ககிட்ட எனக்குச் சண்டையே இல்லை.

சிறுவாணி:
அக்கா எழுதுனதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். பிரிக்கறதுக்கு ஒரு நல்ல வழி ஆப்பிரிக்காவுல இருந்து கெடைச்சுதுங்க. தெற்கு சூடான், காங்கோ பக்கம் அசாண்டே மக்கள் இருக்காங்க, அவங்ககூட இருந்து பாத்து எவன்ஸ் பிரிட்சார்ட்னு ஒரு மானிடவியல் ஆளு 1937ல எழுதுனாரு. அவங்க ரெண்டு தனி வார்த்தை வெச்சிருக்காங்க. மாங்குங்கறது ஒருத்தரோட வயித்துல பொறப்புலயே இருக்கற ஒரு பொருளு, அதுக்கு மந்திரம் வேண்டாம், சடங்கு வேண்டாம், அவருக்கே தெரியாமக்கூட அடுத்தவங்களைத் தாக்கும். இன்னொன்னு வேணும்னே மருந்து வெச்சு, மந்திரம் சொல்லிச் செய்யறது. மொத்தத்துல இங்கிலீஷ்ல விட்ச்சுக்கும் சோர்சரருக்கும் இதை வெச்சுத்தான் மானிடவியல்ல வித்தியாசம் சொல்லிட்டு வந்தாங்க.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம் வந்துருச்சு. நம்மகிட்ட இது அப்படியே இருக்குதுங்களே! கொள்ளிக்கண்ணுன்னு சொல்றோம்ல, அவங்க வேணும்னு பாக்கறதில்லை, கண்ணு அப்படி, புள்ளைக்குக் காச்சல் வந்துரும். அதுக்கு யாரையும் அடிக்கப் போறதில்லை, உப்பு, மொளகா, மூச்சந்தி மண்ணு, சீமாத்துக் குச்சி எடுத்து மூணு சுத்து சுத்தி அடுப்புல போட்டா மொளகா நெடி வருதா இல்லையான்னு பாப்பாங்க, நெடி வரலைன்னா திட்டி கழிஞ்சுது, அவ்வளவுதான். செய்வினைங்கறது வேற, அதுல ஒரு ஆளு, ஒரு காசு, ஒரு கெட்ட எண்ணம் இருக்குது.

அசாண்டேல இன்னொன்னு. கோழிக்கு வெசம் குடுத்துக் குறி கேட்டு, இன்னாருதான்னு வந்தா அந்தக் கோழியோட றெக்கைய அந்த ஆளு ஊட்டுக்குக் கொண்டு போயிக் காட்டுவாங்க. அவரு சண்டைக்கு வர மாட்டாரு, வாயில தண்ணி வெச்சு அந்த றெக்கை மேல பூன்னு ஊதி, எனக்குள்ள அப்படி ஒன்னு இருக்கறதே தெரியாது, இருந்தா குளுந்து போகட்டும்னு சொல்லுவாரு. பழி சொன்னவனும் பழி சுமந்தவனும் மறுக்கா ஒரே ஊர்ல இருக்கறதுக்கு ஒரு வழி வெச்சிருந்தாங்க.

ஐரோப்பாவுல அந்த வழி இல்லாமப் போயிருச்சு. 1400கள்ல இருந்து 1700கள் வரைக்கும் நாப்பதாயிரத்துல இருந்து அறுபதாயிரம் பேரைச் சூனியக்காரங்கன்னு சொல்லிக் கொன்னாங்கங்கறது இப்ப வரலாற்றுக்காரங்க சொல்ற கணக்கு. முக்காவாசிக்கும் மேல பொம்பளைங்க. ஆனா எல்லா எடத்துலயும் அப்படி இல்லை, ஐஸ்லாந்துல எரிச்ச இருவத்திச் சொச்சம் பேர்ல ஒரே ஒரு பொம்பளைதான், அங்க மந்திரம்னா எழுத்து, குறி வரையறது, அது ஆம்பளை வேலைன்னு நெனைச்சாங்க. யாரைச் சூனியக்காரின்னு சொல்லலாங்கறதுக்கு அந்தந்த ஊரு ஒரு ஆளை முன்னாடியே மனசுல வெச்சிருக்குது.

ஊதியூரான்:
சிறுவாணி, கடைசி வரி என்னைத் தூங்க உடலை. இப்ப சொல்லிப்போடறேன் என்ற சொந்தக் காரணத்தை.

என்ற அமுச்சி, எங்கம்மாவோட அம்மா, பாடம் போடறவங்க. மலையடிவாரத்துல தோட்டத்துச் சாளை. தேள்கடி, உரம், திட்டி, கொழந்தைங்க ராத்திரில வீலுன்னு கத்துனா அதுக்கு ஒன்னு. காசு வாங்குனா பாடம் பலிக்காதுன்னு ஒரு வெத்தலைகூட வாங்க மாட்டாங்களாம். அவங்க ஊட்டுக்காரரு, எங்க அப்புச்சி, செத்த பொறவு பக்கத்துத் தோட்டத்துக்காரங்களோட வரப்புத் தகராறு. அந்த வருசம் அவிங்க கட்டுத்தறியில ஒரே வாரத்துல ரெண்டு கன்னுக்குட்டி, தொடை வீங்கி நொண்டி நொண்டிச் செத்துப்போச்சு. இப்ப எந்த மாட்டு டாக்டரும் கேட்டதும் சப்பை நோயான்னு பாக்கச் சொல்லுவாரு. அப்ப யாரோ தறிக்குப் பக்கத்துல குங்குமம் வெச்ச எலுமிச்சம்பழம் கெடந்துச்சுன்னாங்க. அவ்வளவுதான். அதே வாயி, அதே கையி, அதே பாடம். வெள்ளிக்கெழமை வரைக்கும் கைராசிக்காரி, ஞாயித்துக்கெழமை சூனியக்காரி. தன் கொழந்தைக்கு உரம் எடுக்க மூணு தடவை வந்த ஒரு பொம்பளை, வண்டித் தடத்துல எதுக்க வந்தவங்க, எங்கம்மா பாக்கப் பாக்கக் காறித் துப்பிட்டுப் போனாங்களாம். எங்கம்மாவுக்கு அப்பப் பதினோரு வயசு.

அன்னியோட அமுச்சி பாடம் போடறதை உட்டுட்டாங்க. எனக்கு ஏழு வயசுல அங்க லீவுக்குப் போயிருந்தப்ப வெறகு எடுக்கையில தேள் கொட்டிருச்சு. நான் கத்தறேன், பாடம் போடுங்கமுச்சின்னு கேக்கறேன், அவங்க கை ரெண்டும் நடுங்குது, என்ற காலைத் தொடக்கூட மாட்டேங்கறாங்க. தூக்கித் தோள்ல போட்டுட்டு ரோட்டு வரைக்கும் ஓடுனாங்க, பஸ்ஸு புடிச்சு ஆஸ்பத்திரி. அன்னிக்கு எனக்குக் கோவம், ஊருக்கெல்லாம் போட்டவங்க எனக்குப் போடலியேன்னு. பொறவு எத்தனையோ வருசம் கழிச்சுத்தான் அம்மா சொன்னாங்க. அந்தக் கோவத்தை நெனைச்சா இன்னிக்கும் தொண்டைய அடைக்குது.

நோட்டுல அவங்களை எந்தப் பக்கம் எழுதறதுன்னுதான் நான் உங்களைக் கேட்டதே.

சிறுவாணி:
அண்ணா, ஸ்காட்லாந்துல ஆக்னஸ் சாம்ப்சன்னு ஒரு அம்மா. பிரசவம் பாக்கறவங்க, வைத்தியம் பண்றவங்க, கீத்ங்கற ஊரோட அறிவுள்ள அம்மான்னுதான் அவங்களுக்குப் பேரு. ராஜாவோட கப்பல் புயல்ல மாட்டுனதுக்கு இவங்கதான் காரணம்னு புடிச்சாங்க, ஆறாம் ஜேம்ஸ் ராஜாவே உக்காந்து வெசாரிச்சாரு, 1591ல கொன்னாங்க. இங்கிலாந்துலயும் இந்த மாதிரி ஊரு வைத்தியக்காரங்க இருந்தாங்க, கன்னிங் ஃபோக்னு சொல்லுவாங்க, கன்னிங்னா அந்தக் காலத்துல தந்திரம் இல்லை, தெரிஞ்சவங்கன்னு அர்த்தம். விட்ச் வெச்ச வெனைய எடுக்கறதுக்கே ஜனங்க இவங்ககிட்டத்தான் போனாங்க. சட்டம் ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டுச்சு, ஆனா ஊருக்கு வித்தியாசம் தெரியும், ஒரு கன்னுக்குட்டி சாகற வரைக்கும். அமுச்சி பேருக்கு நேரா பாடம் போடறவங்கன்னு எழுதுங்கண்ணா. இன்னொரு வார்த்தைய அந்த ஊரு பேருக்கு நேரா எழுதுங்க.

கூடுதுறை:
தம்பி, ஒன்னு மட்டும் கேக்கறேன். பாடத்தை உட்டுட்டாங்கன்னு சொல்றியே. எங்க பக்கம் பாடம் தெரிஞ்சவங்க கிரகணத்தன்னிக்கு இடுப்பளவு தண்ணியில நின்னு உருப் போடுவாங்க, இல்லாட்டி பாடம் செத்துப்போகும்பாங்க. உங்க அமுச்சி அதையும் உட்டுட்டாங்களா? அம்மா இருந்தாக் கேளு.

ஊதியூரான்:
கேட்டனுங்கய்யா. இப்பத்தான் போனை வெச்சேன்.

அம்மா சித்த நேரம் பேசவே இல்லை. பொறவு சொன்னாங்க, 1980ல பிப்ரவரி மாசம் பெரிய சூரிய கிரகணம் வந்துச்சே, ஊரே கதவச் சாத்திட்டு உள்ள இருந்துச்சு, ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லை, அன்னிக்கு உங்க அமுச்சி மேட்டுக் கெணத்துக்குப் போனாங்கன்னு. யாரும் பாக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் போயிருக்காங்க. 1995 அக்டோபர்லயும் போனாங்களாம், அப்ப அவங்களுக்குப் படி எறங்கவே முடியாது, அம்மாதான் கையப் புடிச்சு எறக்கி உட்டுட்டு மேல தொட்டிக்கிட்ட நின்னிருக்காங்க. வெடியால நேரம், வெளிச்சம் மங்கி, கெணத்துக்குள்ள புறாவெல்லாம் சத்தமில்லாம உக்காந்திருச்சாம். கீழ இருந்து அமுச்சி முணுமுணுக்கறது மட்டும் கேட்டிருக்குது. அதுக்குள்ள யாருக்கும் பாடம் போட்டு இருவது வருசம் ஓடிருச்சு.

மேல வந்து ஈரச் சேலையோட உக்காந்தப்ப அம்மா கேட்டாங்களாம், இனி யாருக்கு ஆத்தா இது. யாராச்சும் ராத்திரில கொழந்தையத் தூக்கிட்டு வந்தா என்ன பண்றதுன்னாங்களாம்.